சாயம் பிடிக்கும் இடம்

கம்பவுண்டர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்த தூள் ஊதா நிறத்தில் இல்லை. பச்சையாக இருந்தது. பொன்வண்டின் முதுகில் மின்னுமே, அந்தப் பச்சை. தராசுத் தட்டில் காகிதம் விரித்து ஐந்து கிராம் நிறுத்தார். குடுவையில் கொட்டி, கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் கலக்கி, அரை லிட்டர் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். தூள் இறங்கிய இடமெல்லாம் நூல் நூலாக ஊதா பிரிந்து ஓடியது. முழங்காலில் சீழ் வைத்த புண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது எட்டு வயது. புண் வலி மறந்துபோனது.

பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் மருந்தைத் தடவியபோது ஒரு சொட்டு சிதறி, பக்கத்தில் நின்ற அம்மாச்சியின் சேலையில் விழுந்தது.

"ஏம்ப்பா, புதுச் சேலை. இனி இது போகுமா?"

"தண்ணி போட்றாதீங்கம்மா, பரவிடும். இருங்க, ஸ்பிரிட் தொட்டுத் தர்றேன்."

பாதிக் கறை விட்டது. மீதிப் பாதி அந்தச் சேலை கிழியும்வரை இருந்தது.

சில ஊர்களில் ஊதா மருந்து, சில ஊர்களில் நீல மருந்து, மருந்துச் சீட்டில் ஜி.வி. பெயின்ட். முழுப் பெயர் ஜென்ஷன் வயலட். ஒரு தலைமுறையே முழங்காலிலும் முழங்கையிலும் இதைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. வாயோரம் பூசியவனுக்கு அன்று முழுக்க ஒரு பட்டப்பெயரும் கிடைக்கும். மருந்துக்கு எதற்கு இவ்வளவு நிறம் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நிறம் மருந்தின் மேல் போர்த்திய சட்டை போன்றதா, அல்லது மருந்தே அதுதானா? சாயம் 'பிடிக்கும்', சாயம் 'விடும்' என்று நாம் சொல்லும் இரண்டு வினைச்சொற்களைக் கையில் வைத்துக்கொண்டால் இந்த மருந்தின் வரலாற்றையும் வேதியியலையும் ஏறக்குறைய முழுதாகச் சொல்லிவிடலாம்.

இது சாயப்பட்டறையிலிருந்து மருந்தகத்துக்கு வந்த சரக்கு. 1856இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கான கொயினாவை நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருட்களைக் கொண்டு தயாரிக்கப் பார்த்தார். கொயினா வரவில்லை. குடுவையின் அடியில் ஒரு கறுப்புக் கசடு மிஞ்சியது. அதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பட்டுத்துணி ஊதாவாக மாறியது. மருந்து தேடிப் போனவர் சாயத்தோடு திரும்பினார், செல்வந்தரானார். அதன் பிறகு ஐரோப்பாவின் சாயத் தொழிற்சாலைகள் தாரிலிருந்து வரிசை வரிசையாக நிறங்களை எடுத்தன. அந்த வரிசையில் 1883இல் ஆல்பிரட் கெர்ன் என்ற சுவிஸ் வேதியியலாளர் உருவாக்கியதுதான் கிரிஸ்டல் வயலட். இதையும் இதன் உறவுக்காரச் சாயங்களையும் கலந்து விற்ற கலவைக்கு, ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் ஜென்ஷன் பூவின் நிறத்தை வைத்து ஜென்ஷன் வயலட் என்று பெயரிட்டார்கள். பூவிலிருந்து ஒரு துளிகூட அதில் இல்லை. இது மூலிகை மருந்து என்று இன்றும் நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாயத்தை முதலில் கையில் எடுத்த மருத்துவர்கள் அதை நோயாளியின் மேல் பூசவில்லை. நுண்ணோக்கியின் கண்ணாடித் துண்டில் பூசினார்கள். கிருமிகள் கண்ணாடி போலத் தெளிவானவை, சாயம் ஏற்றாமல் பார்ப்பது கடினம். 1884இல் பெர்லின் மருத்துவமனை ஒன்றின் பிணவறையை ஒட்டிய ஆய்வகத்தில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் இளைஞர், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சாயம் ஏற்றினால் சதையும் ஊதா, கிருமியும் ஊதா. சதையில் மட்டும் சாயத்தை விடவைக்க ஏதாவது வழி வேண்டும். ஜென்ஷன் வயலட்டைப் பூசி, அதன்மேல் அயோடின் கரைசலை விட்டு, பிறகு ஆல்கஹாலால் கழுவிப் பார்த்தார். சதை வெளுத்தது, கிருமிகள் ஊதாவாகவே நின்றன.

ஆனால் எல்லாக் கிருமிகளும் அப்படி நிற்கவில்லை. டைபாய்டு கிருமி போன்றவை ஆல்கஹால் பட்டதும் சாயத்தை உதறிவிட்டு வெளுத்துவிட்டன. கிராமுக்கு இது தன் முறையில் உள்ள ஒரு குறையாகவே பட்டது. குறைகள் உள்ள முறைதான், மற்றவர்கள் கையில் பயன்படட்டும் என்ற தயக்கத்தோடு கட்டுரையை வெளியிட்டார். அவர் குறை என்று நினைத்ததுதான் பின்னாளில் அவர் பெயரை நிலைநிறுத்தியது. சாயத்தைப் பிடித்து வைப்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். இன்றும் ஊரில் உள்ள எந்த ஆய்வகத்தில் சளியோ சீழோ கொடுத்தாலும் முதலில் நடப்பது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். அம்மாச்சியின் சேலையில் கம்பவுண்டர் செய்ததும் கிராமின் மூன்றாம் படிதான், தெரியாமலே செய்தார். சேலைப் பருத்தி பாதி பாசிட்டிவ், பாதி நெகட்டிவ் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியில் இருந்த சாயம் புண்ணுக்கு வந்தது 1890இல். ஸ்ட்ராஸ்பர்க் நகரின் கண் மருத்துவர் யாக்கோப் ஷ்டில்லிங் இந்த ஊதா சாயத்தைச் சீழ் பிடித்த கண்களிலும் புண்களிலும் பயன்படுத்திப் பார்த்து, நல்ல பலன் என்றார். மெர்க் நிறுவனம் பயோக்டானின் என்ற பெயரில் அதை விற்றது. கிரேக்கத்தில் அதற்குச் 'சீழ்க்கொல்லி' என்று பொருள். கொஞ்ச காலம் கொண்டாடினார்கள், பிறகு மறந்தார்கள். ஒருவர் குணமானது என்பார், அடுத்தவர் ஒன்றும் ஆகவில்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பது 22 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதைத் தெரியவைத்தவர் ஜான் உல்மன் சர்ச்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். அவர் செய்த சோதனை, இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிருமி வளர்க்கும் வட்டத் தட்டு ஒன்றை நடுவே இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் சாதாரண அகார், அதாவது கடற்பாசிக் கூழ். மறுபாதியில் அதே கூழுடன் மிகக் கொஞ்சம் ஜென்ஷன் வயலட். கிருமியைத் தொட்ட கம்பியால் ஒரு பாதியிலிருந்து மறுபாதிவரை குறுக்கே ஒரே கோடாக இழுத்தார். மறுநாள் பார்த்தால், சில கிருமிகள் கோடு நெடுக வளர்ந்திருந்தன. ஊதாவோ வெள்ளையோ அவற்றுக்கு ஒன்றுதான். வேறு சில, வெள்ளைப் பாதியில் தழைத்து, ஊதாவின் எல்லையில் வந்து, வரப்பில் நின்றுவிட்ட ஆடு மாதிரி நின்றுவிட்டன. அப்படி நின்றவை பெரும்பாலும் கிராமின் சாயத்தைப் பிடித்து வைப்பவை. நெடுக வளர்ந்தவை பெரும்பாலும் விட்டுவிடுபவை. 1912இல் இதை அவர் வெளியிட்டார். ஷ்டில்லிங்கின் நோயாளிகளில் யாருக்கு எந்தக் கிருமி இருந்ததோ, அதைப் பொறுத்துப் பலன் மாறியிருக்கிறது.

சர்ச்மனின் தட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் குடல் கிருமிகளை வளர்க்க மக்கான்கி அகார் என்ற ஊடகத்தை ஊற்றுவார்கள். அதில் பித்த உப்புகளோடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிரிஸ்டல் வயலட்டும் உண்டு. கிராம் பாசிட்டிவ் கிருமிகள் வராமல் இருக்க அந்த ஒரு மில்லிகிராம் கைகொடுக்கிறது.

ஏன் இப்படி? மூலக்கூறைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கார்பன் அணு. அதைச் சுற்றி மின்விசிறி இறக்கைகள் போல மூன்று பென்சீன் வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் நுனியிலும் ஒரு நைட்ரஜன். தண்ணீரில் கரைந்ததும் இந்த விசிறி ஒரு நேர்மின்னூட்டத்தோடு தனியே பிரிகிறது. அந்த மின்னூட்டம் ஓரிடத்தில் உட்காருவதில்லை. மூன்று இறக்கைகளிலும் பரவி நிற்கிறது. மின்னூட்டம் இப்படிப் பரவிய மூலக்கூறு வெளிச்சத்தில் உள்ள மஞ்சள் பகுதியை விழுங்கிவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்கு ஊதாவாக வருகிறது. கிருமியின் மேற்பரப்பும் அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே விசிறி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் செல்சுவர் கட்டும் வேலை கெடுகிறது, டி.என்.ஏ. படியெடுக்கும் வேலை கெடுகிறது, கிருமி பெருக முடிவதில்லை.

நிறம் தருவதும் பிடிப்பைத் தருவதும் ஒரே மின்னூட்டம்தான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நீர்த்த கிரிஸ்டல் வயலட்டில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் சில நிமிடங்களில் ஊதா மங்கி, வெறும் தண்ணீர் போல ஆகிவிடும். ஹைட்ராக்சைடு நடுக் கார்பனில் போய் உட்கார்ந்ததும் மின்னூட்டம் தொலைகிறது, கூடவே நிறமும் தொலைகிறது. வினைவேகத்தை அளக்க மாணவர்களுக்குத் தரும் பழைய பயிற்சி இது. சாயம் வெளுத்தபோது மருந்தும் செத்துவிட்டது என்று எந்தச் செய்முறை ஏட்டிலும் எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை.

கிராம் நெகட்டிவ் கிருமிகள் தப்பிப்பது அவற்றின் உடுப்பால். பாசிட்டிவ் கிருமிக்குத் தடித்த சுவர் உண்டு. ஆனால் அது பஞ்சு மெத்தை போன்ற சுவர், சாயத்தை உள்ளே விட்டு, உள்ளேயே தேக்கிக்கொள்ளும். நெகட்டிவ் கிருமியின் சுவர் மெலிது என்றாலும் அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கிறது. உயிரோடு இருக்கும் கிருமியில் அந்த மழைக்கோட்டு சாயத்தைத் தடுக்கிறது. கிராமின் கண்ணாடித் துண்டில் ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், ஏறிய சாயம் வழிந்து ஓடிவிடுகிறது.

இனி தோலுக்கு வருவோம். குழந்தைகளின் முகத்திலும் கைகாலிலும் சின்னக் கொப்புளமாக வந்து, உடைந்து, தேன் காய்ந்தது போலப் பொருக்கு கட்டும் புண் இருக்கிறதே, மருத்துவத்தில் இம்பெடிகோ. அதற்குக் காரணம் ஸ்டெபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு. இரண்டுமே கிராம் பாசிட்டிவ். கைக்குழந்தையின் நாக்கில் பாலாடை மாதிரி ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் எளிதில் வராத வெண்படலம் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையால் வருவது. அதுவும் கிராம் சோதனையில் ஊதாவாகவே நிற்கும். தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில், கால்விரல் சந்தில் வரும் ஈரப்புண்களிலும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். கம்பவுண்டரின் ஒரு குடுவை இத்தனை பேருக்கும் பொருந்தியது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். ஈரமான புண்ணைக் காயவைக்க வேண்டும். களிம்பு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், மடிப்புகளில் இன்னும் ஊறும். தண்ணீரில் கரைத்த சாயமோ பூசிய சில நிமிடத்தில் உலர்ந்து, மேலே மெல்லிய ஏடு போல நிற்கும். மழைக்காலத்தில் நடவு வயலில் நின்ற பெண்களின் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பைவிட ஊதா மருந்து சுகம் தந்தது என்றால், அதில் பாதி இந்தக் காய்தலின் பலன்.

அதே பெண்கள் மருந்தகம் வராத காலத்திலும் சும்மா இருக்கவில்லை. மருதாணியை அரைத்து விரல் சந்தில் வைத்தார்கள். மருதாணியின் நிறத்துக்குக் காரணமான லாசோன், நம் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு போய் இணைகிறது. அதனால்தான் கழுவினால் போவதில்லை. பூஞ்சையைத் தடுக்கும் குணமும் அதற்கு இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மஞ்சளும் சாயந்தான், வெயிலில் வெளுக்கும் சாயம்.

ஆனால் அக்கி எழுதுவது வேறு கணக்கு. அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் வரையச் சொல்வது நம் ஊர் வழக்கம். காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். அது சாயம் அன்று, வண்ணப்பொடி. எதையும் போய்ப் பிடிக்காது, தோலின் மேல் சும்மா படிந்து கிடக்கும். அக்கி ஒரு வைரஸால் வருவது, பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானே ஆறிவிடும். சிங்கத்துக்கு நல்ல பெயர். இதைச் சொல்லிவிட்டு ஊதா மருந்தை மட்டும் சும்மா விடக்கூடாது; இம்பெடிகோவும் பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறக்கூடியதுதான். என் முழங்காலை ஆற்றியது மருந்தா, நாள்கணக்கா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஊதா மட்டும் தனியாக வரவில்லை. முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு கார்ல் பிரவுனிங் பரிந்துரைத்த அக்ரிபிளேவின் மஞ்சள் நிறம். ரஷ்யாவில் வீட்டுக்கு வீடு இருக்கும் சிறு பாட்டில் ஸெல்யோன்கா, அதாவது பிரில்லியன்ட் கிரீன். ஊதா மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே சின்னம்மை வந்த குழந்தையின் ஒவ்வொரு கொப்புளத்திலும் பச்சைப் பொட்டு வைப்பார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பொட்டு இல்லாத கொப்புளம் எதுவும் காலையில் தென்படவில்லை என்றால் புதிதாக வருவது நின்றுவிட்டது என்று தாய்க்குத் தெரியும். கணக்கு வைக்க நல்ல வழி. 2017இல் மாஸ்கோவில் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் முகத்தில் இதே பச்சையை வீசினார்கள், அவருடைய வலது கண் பாதிக்கப்பட்டது.

மாணவர் முதலுதவிப் பெட்டியில் இருந்த சிவப்பு மருந்து மெர்க்குரோகுரோம். 1919இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் ஹியூ யங் அறிமுகப்படுத்தியது. எரியாது என்பதாலேயே பிள்ளைகளுக்குப் பிடித்தது. டிஞ்சர் அயோடின் எரியும். அந்தப் பாட்டிலைக் கண்டாலே ஓடுவோம். ஆனால் இங்கே சிவப்பு நிறம் வெறும் பயணி. கிருமியை அடக்கியது அதில் கட்டப்பட்டிருந்த பாதரசம். அந்தப் பாதரசத்தைக் காரணம் காட்டித்தான் 1998இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பாதுகாப்பான மருந்துகள் பட்டியலில் சேர்க்க மறுத்தது.

காஸ்டெல்லானி பெயின்ட் என்ற இன்னொரு சாய மருந்துக்குக் கொழும்போடு ஓர் உறவு உண்டு. இத்தாலியரான ஆல்டோ காஸ்டெல்லானி 1903இலிருந்து 1915வரை கொழும்பில் நுண்ணுயிரியல் நிலையத்தை நடத்தினார். வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டில் தோலில் என்னென்ன முளைக்கும் என்று பார்க்க அவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. பறங்கி என்று இலங்கையில் அழைத்த யாஸ் நோயின் கிருமியை 1905இல் அங்கே கண்டார். தோல் பூஞ்சைகளை வகைவகையாகப் பிரித்து எழுதினார். அவர் பெயரால் வழங்கும் பெயின்டில் பியூக்சின் என்ற கருஞ்சிவப்புச் சாயத்தோடு பீனால், ரெசார்சினால், போரிக் அமிலம், அசிட்டோன் எல்லாம் சேரும். படர்தாமரைக்கும் விரல் சந்துப் பூஞ்சைக்கும் பூசுவார்கள். பியூக்சின் இல்லாமல், நிறமற்ற காஸ்டெல்லானி பெயின்ட்டும் பின்னாளில் கடைக்கு வந்தது. அதற்கும் வேலை செய்யத் தெரிந்திருந்தது, பீனால் இருக்கிறதே. காஸ்டெல்லானி பிற்காலத்தில் முசோலினிக்கு வைத்தியம் பார்த்தார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாயங்களுக்குச் சரிவு வந்ததும் ஒரு சாயத்தால்தான். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1935இல் வெளியிட்ட பிரான்டோசில் ஒரு சிவப்புச் சாயம். உடலுக்குள் போய் ஸ்ட்ரெப்டோகாக்கஸை அடக்கிய முதல் பெரிய மருந்து. விசித்திரம் என்னவென்றால், சோதனைக் குழாயில் அது கிருமியைத் தொடவே இல்லை. அதே ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் முடிச்சை அவிழ்த்தார்கள். உடலுக்குள் அந்தச் சிவப்பு மூலக்கூறு இரண்டாக உடைகிறது. நிறமில்லாத பாதியான சல்பனிலமைடுதான் வேலை செய்கிறது. சாயத் தொழிற்சாலைகளின் இத்தனை ஆண்டு உழைப்பில் கிடைத்த பெருவெற்றியில் நிறத்துக்குப் பங்கே இல்லை. பின்னாலேயே பெனிசிலின் வந்தது. கறைபடாத வெள்ளை மாத்திரை இருக்கையில், சட்டையை நாசம் செய்யும் மருந்தை யார் கேட்பார்கள்? தோல் மருத்துவர்களுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஊதா பூசிக்கொண்டு வந்தவரின் தோலில் சிவப்பு எங்கே, தடிப்பு எங்கே என்று எதுவும் தெரியாது.

ஆனாலும் ஏழை நாடுகளில் இது போகவில்லை. கெடாது, குளிர்பெட்டி கேட்காது, விலையும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய்க் கையேட்டில் சீழ்க்கொப்புளத்துக்கு 0.5 சதவீத ஜென்ஷன் வயலட், வாய் வெண்படலத்துக்கு அதில் பாதியான 0.25 சதவீதம் என்று இருந்தது. நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பொருக்கையும் சீழையும் சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி எடு. ஈரத்தை ஒற்று. மருந்தைப் பூசு. திரும்பவும் கையைக் கழுவு. ஐந்து படியில் மூன்று கழுவுவது. அந்த மூன்றும் எவ்வளவு வேலை செய்தன என்று பிரித்துச் சொல்வது கடினம். தென்னமெரிக்காவில் இன்னொரு வேலையும் இதற்கு இருந்தது. சாகஸ் நோய்க் கிருமி இரத்ததானம் வழியே பரவாமல் இருக்க, சேமித்த இரத்தத்திலேயே 4,000இல் ஒரு பங்கு ஜென்ஷன் வயலட்டைக் கலந்து ஒரு நாள் வைத்தார்கள். ஏற்றிக்கொண்டவர்களின் தோலில் கொஞ்ச நேரம் நீலம் பாய்ந்தது.

டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பொருள் கிருமியின் டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் என்று நினைப்பதற்கில்லை. அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தில் உள்ள நச்சியல் ஆய்வு மையத்தில், சுண்டெலிகளுக்கு உணவில் ஜென்ஷன் வயலட்டை 10 லட்சத்தில் 100, 300, 600 பங்கு என்று கலந்து இரண்டு ஆண்டுவரை கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் முடிவு வந்தது. அளவு கூடக் கூட கல்லீரல் புற்றுநோய் கூடியது. பிரிட்டன் இதன் பயன்பாட்டைக் கிழியாத தோலுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2019இல் கனடாவின் சுகாதாரத்துறை, மனிதருக்கான ஜென்ஷன் வயலட் மருந்தும் வேண்டாம், கால்நடைக்கானதும் வேண்டாம் என்று மக்களுக்கு அறிவித்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பொருள், உண்டாக்கியதாக நிரூபணம் என்று பொருள் இல்லை.

என் கணிப்பைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு தினமும் தின்ற சுண்டெலியையும், ஐந்து நாள் முழங்காலில் பூசிய பையனையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. அதேசமயம், கையில் வேறு மருந்து இருக்கும்போது, தாய் மார்பிலும் குழந்தை வாயிலும் இதை வாரக்கணக்கில் பூசுவதற்கு இன்று நியாயம் சொல்வது சிரமம். கெட்டியான கரைசல் வாயின் உட்தோலைப் புண்ணாக்கும் என்பது பழைய அனுபவம். ஆறிவரும் புண்ணின் சிவந்த புதுச்சதையில் பூசினால் பச்சை குத்தியது போல நிரந்தரமாகத் தங்கிவிடவும் கூடும். முகத்தில் என்றால் அது சின்ன விஷயமில்லை. சொறி சிரங்குக்கு இதைப் பூசுவதும் வீண். அதற்குக் காரணம் தோலுக்குள் வளை தோண்டும் ஒரு பூச்சி. சொறிந்த இடத்தில் சேரும் சீழுக்கு ஊதா உதவலாம், பூச்சிக்கு அது பொருட்டே இல்லை.

ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை ஸ்டெபைலோகாக்கஸ் பெருகிய பிறகு, பழைய சாயங்களை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கிருமியும் ஊதாவுக்கு அடங்குகிறது. ஜென்ஷன் வயலட்டும் மெத்திலீன் புளூவும் ஊறிய பஞ்சுக் கட்டுகள் ஆறாத புண்களுக்கென்று மேலை நாடுகளில் விற்பனையில் இருக்கின்றன. கேள்வி இப்போது அளவைப் பற்றியது. எவ்வளவு குறைத்தால் பிடிப்பு மிஞ்சும், தீங்கு குறையும்?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாய் வெண்படலத்துக்கு, 0.00165 சதவீத ஜென்ஷன் வயலட்டையும் வழக்கமான நிஸ்டாட்டின் மருந்தையும் ஒப்பிட்ட ஒரு பன்னாட்டு ஆய்வு 2017இல் வெளிவந்தது. குழந்தை நோய்க் கையேட்டில் வாய்க்குச் சொன்ன அளவைவிட சுமார் 150 மடங்கு நீர்த்தது. இரண்டு மருந்துக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இந்த அளவில் பாட்டிலுக்குள் ஊதா தெரியும். வாயில் கறை படியாது. அம்மாச்சியிடம் இதைக் கொடுத்திருந்தால் சேலை தப்பியதற்குச் சந்தோஷப்பட்டிருப்பாள். கம்பவுண்டர் மட்டும் நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, எவனோ தண்ணி கலந்திருக்கான் என்று குடுவையை எடுத்திருப்பார்.